சூட்ரோவின் கடற்கரை

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த நம் முன்னோர் சான் பிரான்சிஸ்கோவைக் கண்டவரல்லர். ஆயினும், அந்நகரின் மேற்கெல்லையில் பசிபிக் பெருங்கடலை நோக்கிக் கிடக்கும் ஓஷன் பீச் மணற்பரப்புக்கு அவ்விலக்கணம் நன்கு பொருந்துகிறது. அதன் வடமுனையில், பாறைகளின் அடியில், இடிந்த சுவர்களும் நீர் தேங்கிய பள்ளங்களும் எஞ்சியுள்ளன. அவை அடால்ஃப் சூட்ரோ என்பார் எழுப்பிய நீராடு மாளிகையின் அடித்தளங்கள்.

சூட்ரோ 1830ஆம் ஆண்டு பிரஷ்யாவின் ஆகன் நகரில், துணி ஆலை நடத்திய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை மறைந்தபின், 1850இல் தங்க வேட்டைக் காலத்துச் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார். அங்கே அவர் மண்ணைத் தோண்டவில்லை, புகையிலை விற்றார். பின்னர் நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கங்களில் வெந்நீரிலும் வெப்பக் காற்றிலும் தொழிலாளர் படும் துயரைக் கண்டு, மலையடியிலிருந்து ஏறத்தாழ 4 மைல் நீளத்துக்கு ஒரு வடிகால் வழி குடையத் திட்டமிட்டார். பெருமுதலாளிகள் தடுத்தனர். 1869இல் சுரங்கத் தீயில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தொழிலாளர் சங்கங்களே முன்வந்து பணம் அளித்தன. அவ்வாண்டே தொடங்கிய வேலை 1878இல் முடிந்தது. அதற்குள் வெள்ளி வளம் குன்றலாயிற்று. சூட்ரோ தம் பங்குகளை உரிய காலத்தில் விற்று வெளியேறினார். பின்னர் வாங்கியோர் நட்டமடைந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்தவர் நகரின் நிலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கினார் என்பர். கடலோரக் குன்றில் சிலைகள் நிறைந்த பூங்கா அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1881இல் வாங்கிய கிளிஃப் ஹவுஸ் விடுதி 1894இல் எரிந்துபோக, அரண்மனை போன்றதொரு புதிய கட்டடத்தை 1896இல் எழுப்பினார். அவ்வாண்டு மார்ச்சில் நீராடு மாளிகையும் திறக்கப்பெற்றது. ஒரு நன்னீர்க் குளம், ஆறு கடல்நீர்க் குளங்கள். மேலே இலட்சம் கண்ணாடிப் பலகைகளாலான கூரை. கடலின் ஏற்றமே குளங்களை நிரப்பியது. கடற்கரைக்கு வரும் ஏழைகளிடம் இரயில் நிறுவனம் பத்து சென்ட் வாங்குவதை எதிர்த்து, ஐந்து சென்டுக்கு மின்வண்டிப் பாதை அமைத்தார். அந்தப் போராட்டமே 1895இல் அவரை நகரத் தந்தையாக்கியது. எனினும் அம்மாளிகை எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 1897இல் நீராட வந்த கறுப்பின மனிதர் ஒருவர் தடுக்கப்பட்டார்; அவர் வழக்குத் தொடுத்து வென்றார்.

இலக்கிய அன்பர்களாகிய நமக்கு நெருக்கமான சூட்ரோ வேறொருவர். 1880களில் ஐரோப்பாவெங்கும் சுற்றி, மடாலயங்களிலிருந்து அரசு நூலகங்களுக்குச் சென்று மிகையான படிகளையும், பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுநூல்களை ஆயிரக்கணக்கிலும், ஹீப்ருக் கையெழுத்துப் படிகளையும் வாங்கிக் குவித்தார். மெக்சிகோவில் ஒரு புத்தக வணிகரின் இருப்பு முழுவதையும் வாங்கினார். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள்! அனைத்தும் பொது நூலகமாக வேண்டும் என்பது அவர் எண்ணம். நூலகத்துக்கென நிலமும் ஒதுக்கினார். நீராடுவோர்க்குக் கண்ணாடிக் கூரை வேய்ந்த அம்மனிதர் நூல்களுக்கு ஒரு சுவர்கூட எழுப்பாதது வியப்பே. பொருள் முடையும், நகராட்சிப் பூசல்களும், பின்பு மூளைத் தளர்ச்சியும் வந்தன. 1898 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது நூல்கள் வாடகைக் கிடங்குகளில் கிடந்தன. வாரிசுகள் உயில் வழக்கில் இருந்தனர்.

1906 ஏப்ரல் நிலநடுக்கத்தைத் தொடர்ந்த பெருந்தீயில் ஒரு கிடங்கு எரிந்தது. பாதிக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. கிளிஃப் ஹவுஸ் 1907இல் மீண்டும் எரிந்தது. அருகே வளர்ந்த பிளேலேண்ட் கேளிக்கைத் திடல் 1972இல் மூடப்பட்டது. நீராடு மாளிகை, இடித்துத் தள்ளவிருந்த தறுவாயில், 1966 ஜூனில் தீக்கிரையாயிற்று. மான்ட்கோமரி பிளாக் என்ற கட்டடத்திலிருந்த நூல்கள் மட்டும் பிழைத்தன. நகர எல்லையை விட்டு அகலக் கூடாதென்ற நிபந்தனையுடன் 1913இல் அவற்றைக் குடும்பத்தார் கலிபோர்னியா மாநில நூலகத்துக்கு அளித்தனர். ஹீப்ருப் படிகளும் மெக்சிகோ நூல்களும் இன்று சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில், அக்கடற்கரைக்குச் சில மைல் தொலைவில், படிப்போர்க்குத் திறந்திருக்கின்றன.