டாக்டருக்கு முன்னாடி சிஸ்டர்: கண் ஆஸ்பத்திரியில் இந்த முறையைக் கொண்டுவந்த மதுரைக்காரர்... யார் இந்த 'டாக்டர் வி'?

திருப்பரங்குன்றத்தில் இருந்து பஸ் ஏறி, மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். எழுத்துகளைப் படிக்கச் சொல்வது, கண்ணாடி பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, பிபி, சுகர் எடுப்பது எல்லாமே சீருடை அணிந்த இளம்பெண்கள்தான். பாட்டிக்கு அவர்கள் எல்லோரும் 'சிஸ்டர்'.

எம்.பி.பி.எஸ் படிக்காத ஒருவர் நோயாளியைப் பரிசோதித்து, அடுத்து என்ன என்று முடிவு எடுக்கலாமா? இந்தக் கேள்விக்கு நாட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. மதுரையில் இதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே செயலில் பதில் சொன்னவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. சுருக்கமாக, 'டாக்டர் வி'.

யார் இவர்?

1918 அக்டோபர் 1-ம் தேதி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வடமலாபுரம் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளியில் எழுதப் பேப்பர் கிடையாது, மணலில்தான் எழுத்து. பத்து வயது இருக்கும்போது உறவுக்காரப் பெண் ஒருவர் பிரசவத்தில் வந்த வலிப்பு நோயால் இறந்துபோனார். பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆகணும் என்ற ஆசை அவருக்கு அங்கேதான் வந்தது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், பிறகு சென்னை ஸ்டான்லியில் மருத்துவம். 1944-ல் டாக்டர் ஆகி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

விரல்கள் மடங்கின

முப்பது வயதில் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது கை விரல்கள் கோணலாகிவிட்டன. ராணுவ வேலையும் போச்சு, பிரசவ டாக்டர் கனவும் போச்சு.

கண் மருத்துவத்துக்கு மாறினார். பேனா பிடிக்கவே சிரமப்பட்ட விரல்களை, கத்தி பிடிக்கப் பழக்கினார். தன் கைக்கு ஏற்ற மாதிரி கருவிகளையும் மாற்றிக்கொண்டார். அந்தக் கைகள்தான் பின்னாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை சிகிச்சைகள் செய்தன.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர் ஆனார். கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். அங்கே அவர் கண்ட உண்மை ஒன்றுதான்: கண்புரையால் பார்வை இழந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்பும். ஆனா, அதைச் செய்ய டாக்டர்கள் பத்தாது.

சிஸ்டர்கள் வந்தது எப்படி?

ஒரு கண் டாக்டரின் ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால், அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் கொஞ்சம்தான். மற்றதை நல்ல பயிற்சி பெற்ற இன்னொருவர் செய்ய முடியும். இதைப் புரிந்துகொண்ட டாக்டர் வி, அரசுப் பணியில் இருந்தபோதே 1973-ல் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியைத் தொடங்கினார்.

1976-ல், 58 வயதில் ஓய்வு. அதே வருஷம் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. உடன்பிறந்தவர்களும் அவர்களுடைய கணவன், மனைவியரும் கூடவே நின்றார்கள். காசு கொடுப்பவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் சிகிச்சை என்பதுதான் கணக்கு.

கிராமத்தில் பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி. ஒருவருக்குப் பவர் பார்ப்பது, இன்னொருவருக்கு ஆபரேஷன் தியேட்டர், வேறொருவருக்கு நோயாளியிடம் சிகிச்சையை விளக்கிச் சொல்வது என்று தனித்தனி வேலை. ஒரே வேலையைத் தினமும் செய்யும்போது கை பழகிவிடும், கண் பழகிவிடும். தியேட்டரில் டாக்டர் ஒரு மேஜையில் ஆபரேஷன் முடிப்பதற்குள், பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். இன்று அங்குள்ள ஊழியர்களில் பாதிக்கும் மேல் இவர்கள்தான்.

எந்த முடிவு யாருக்கு?

விஷயமே இங்கேதான் இருக்கு. கண் மங்கலாகத் தெரியுது என்று ஒருவர் வந்தால், காரணம் வெறும் பவராக இருக்கலாம். கண்புரையாக இருக்கலாம். அதுவரை அவசரம் இல்லை. ஆனால் கண் அழுத்த நோய் என்றாலோ, சுகரால் விழித்திரை கெட்டிருந்தாலோ, போன பார்வை பெரும்பாலும் திரும்பாது.

வயலில் நெல் சோகை கண்ணில் பட்டு, புண் ஆகி வருபவர் இன்னும் ஆபத்தானவர். அது பூஞ்சைத் தொற்றாக இருந்தால், மெடிக்கலில் வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண்ணையே பறித்துவிடும்.

அதனால் சிஸ்டரின் வேலை அளப்பது, பதிவு செய்வது, சந்தேகம் வந்தால் உடனே மேலே அனுப்புவது. நோய் இன்னது என்று சொல்வதும், கத்தி எடுப்பதும் டாக்டர். டாக்டர் வி-யின் கடைசி வருஷங்களில் சிறு ஊர்களில் தொடங்கிய பார்வை மையங்களிலும் இதே கோடுதான்: பரிசோதிப்பது பயிற்சி பெற்ற ஊழியர், கம்ப்யூட்டர் வழியாகப் பார்த்து முடிவு சொல்வது டாக்டர்.

இப்போ ஏன் இது முக்கியம்?

2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களும் வரம்புக்குட்பட்டு மருத்துவம் பார்க்க வழி வைத்தது. போலி டாக்டர்கள் பெருகிவிடுவார்கள் என்று டாக்டர்கள் நாடு முழுக்கப் போராடினார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால், அடிபடுவது ஏழை நோயாளிதான்.

அதே சமயம், டாக்டர் வரும்வரை காத்திருந்தே பார்வை போனவர்களும் ஏழைகள்தான். முடிவெடுக்கும் உரிமையை மொத்தமாகக் கொடுப்பதா, மறுப்பதா என்று டாக்டர் வி யோசிக்கவில்லை. எந்த முடிவு யார் கையில், எங்கே நிறுத்தணும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு அதற்கு ஏற்ற பயிற்சியைக் கொடுத்தார்.

1992-ல் தொடங்கிய அரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே மலிவாகத் தயாரித்தது. 1993-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அரவிந்தைப் பாடமாக எழுதியது. பத்மஸ்ரீ விருதோ 1973-லேயே வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாத டாக்டர் வி, 2006 ஜூலை 7-ம் தேதி 87 வயதில் மதுரையில் காலமானார்.

உங்க வீட்டுப் பெரியவர்களுக்குக் கண் மங்கினால் வயசானா அப்படித்தான் என்று விட்டுடாதீங்க. கண்ணில் அடிபட்டாலோ, திடீர்னு பார்வை குறைந்தாலோ, சொட்டு மருந்து வாங்கப் போகாமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்க.