73 ஃபெனிக்கில் ஒரு காபி கம்பெனி!

இன்னிக்கு காபி பிரியர்கள் தேடித் தேடிக் குடிக்கிற 'போர் ஓவர்' காபிக்கு வழிபோட்டவர் மெலிட்டா பென்ட்ஸ், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி. கோப்பையின் அடியில் தங்கும் மண்டியும் கசப்பும் அவருக்கு ஆகவே ஆகாது. பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் ஓட்டை போட்டார். மகனோட நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். தெளிவா இறங்குச்சு காபி!

1908 ஜூனில் கண்டுபிடிப்பைப் பதிவு செய்தார். டிசம்பரில் கம்பெனி. முதலீடு 73 ஃபெனிக், ஒரு மார்க்கூட இல்லீங்க! கணவரும் பிள்ளைகளும்தான் ஆரம்ப ஊழியர்கள்.

முதல் உலகப்போர் எல்லாத்தையும் புரட்டிப் போட்டது. கணவர் ராணுவத்துக்குப் போக, காபிக்கொட்டை வரத்தும் நின்றுபோக, அட்டைப்பெட்டி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார் மெலிட்டா. 1929-ல் மின்டனுக்கு மாறிய கம்பெனி, 1950-ல் அவர் மறைந்த பிறகும் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது.