ஐந்துக்கு ஐந்து வென்றும் மூன்றாம் இடம்



இன்று பரிசு வாங்குகிறவர்களும், அரை மார்க்கில் பரிசைக் கோட்டை விட்டவர்களும் ஒரே பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் இரு தரப்பாருக்கும் புளூயி வில்கின்சனைப் பற்றிச் சொல்ல ஆசை.

ஆஸ்திரேலியாவில் 1911-இல் பிறந்து, பாத்தர்ஸ்ட் என்ற ஊரில் வளர்ந்தவர். இயற்பெயர் ஆர்தர் ஜார்ஜ். தலைமுடி சிவப்பு என்பதால் 'புளூயி' ஆனார். சிவப்பு முடிக்காரனை நீலம் என்று கூப்பிடுவது அந்த நாட்டுக் குறும்பு!

தொழில், ஸ்பீட்வே எனும் மோட்டார் சைக்கிள் பந்தயம். நம் தோட்டத்து மோட்டார் சைக்கிளை நினைத்துக் கொள்ளாதீர்கள். அந்த வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. மண் தடத்தில் நான்கு பேர், நான்கு சுற்று. இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு, பின்சக்கரத்தை வழுக்க விட்டுத்தான் வளைவில் திரும்ப வேண்டும். மழை நாளில் நம் செம்மண் ரோட்டில் வண்டி வழுக்கினாலே நமக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அவர்கள் அதை வேண்டுமென்றே செய்தார்கள்.

1929-இல் லண்டன் சென்று வெஸ்ட் ஹாம் குழுவில் சேர்ந்தார். 1936-இல் வெம்ப்ளி அரங்கில் முதல் உலகப் பட்டப் போட்டி நடந்தது. பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் கணக்குப் போடுங்கள். முதலாவதாக வந்தால் 3 புள்ளி. ஆளுக்கு ஐந்து பந்தயம். வில்கின்சன் ஐந்திலும் முதல்! 15 புள்ளி. அதற்கு மேல் எவரும் எடுக்க முடியாது. அப்புறமென்ன, பட்டம் அவருக்குத்தானே என்பீர்கள். இல்லை. தகுதிச் சுற்றுகளில் சம்பாதித்த 'போனஸ்' புள்ளிகளையும் கூட்ட வேண்டும் என்பது விதி. அவரிடம் இருந்தது 10, மொத்தம் 25. லயனல் வான் பிராக்கும் எரிக் லாங்டனும் ஆளுக்கு 26. அவர்கள் இருவருக்கு மட்டும் இன்னொரு பந்தயம் வைத்து, அதில் வென்ற வான் பிராக் உலக வீரரானார். ஐந்து பந்தயங்களில் வான் பிராக் தோற்றது ஒரே ஒரு தடவை, அதுவும் வில்கின்சனிடம்! விதி எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதான். மோசடி என்று சொல்ல முடியாது. ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை.

வில்கின்சன் வண்டியை விட்டு இறங்கவில்லை. 1938-இல் மறுபடி அதே வெம்ப்ளி, அதே போனஸ் விதி. முந்தின இரவுதான் விழுந்து தோளில் அடிபட்டிருந்தார். கட்டுப்போட்ட தோளோடு வந்து, 22 புள்ளி எடுத்து, முந்திய ஆண்டு உலக வீரர் ஜேக் மில்னை ஒரே புள்ளியில் முந்தினார். பட்டம் கைக்கு வந்ததும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

போர் மூண்டது. ஊர் திரும்பினார். பிரேக் இல்லாத வண்டியில் பத்து வருஷம் தப்பியவர், 1940 ஜூலையில் சிட்னியில் சாதாரணச் சாலை விபத்தில் இறந்து போனார். வயது 28.

போரினால் நின்ற உலகப் போட்டி 1949-இல்தான் மீண்டும் நடந்தது. அப்போது போனஸ் புள்ளி இல்லை. இங்கிலாந்தின் டாமி பிரைஸ் ஐந்துக்கு ஐந்து வென்றார். பட்டமும் அவருக்கே கிடைத்தது.