பரீட்சையில் தோற்ற கணித மேதை

கணித மேதை இராமானுஜன் எல்லாருக்கும் தெரிந்தவர். ஆனா அவர் காலேஜ் பரீட்சையில் ஃபெயில் ஆனவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது காவிரிக்கரையில் இருக்கும் கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள். ஏழைக் குடும்பம்தான். 1897-ல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல் மார்க் வாங்கினார். 1904-ல் பள்ளியில் கணக்குக்குப் பரிசும், அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது.

அப்புறம்தான் சோதனை. கணக்கை மட்டுமே போட்டுக்கொண்டு மற்ற பாடங்களை விட்டுவிட்டார். உதவித்தொகை போய்விட்டது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சை என்பது இப்ப நம்ம பிளஸ் டூ மாதிரி. அதை 1906-லும் 1907-லும் எழுதித் தோற்றார். பட்டம் இல்லாததால் வேலையும் இல்லை. பேப்பர் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்துப் போட்டார். விடையை மட்டும் நோட்டில் எழுதினார்.

அந்த நோட்டுதான் அவரைக் காப்பாற்றியது. அதைப் பார்த்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க் வேலை. 1913 ஜனவரியில் இங்கிலாந்து பேராசிரியர் ஹார்டிக்குத் தன் கணக்குகளைக் கடிதமாக அனுப்பினார். ஹார்டி அசந்துபோய் அவரை அழைத்தார். 1914-ல் கப்பல் ஏறினார். எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உடம்பு முடியாமல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதிலேயே காலமானார். அவர் பிறந்தநாள்தான் தேசிய கணித தினம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்பில் நாம ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்குப் படிக்கிறோம். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியருக்குத்தான் உதவித்தொகை. மாதிரித் தேர்வில் மார்க் குறைஞ்சதும் சில பேர் “நமக்கெல்லாம் வராதுப்பா”ன்னு பேரையே எடுக்கச் சொல்கிறார்கள். பத்து வயதில் வாங்கிய முதல் மார்க் இராமானுஜனைக் காலேஜில் காப்பாற்றவில்லை. காலேஜில் தோற்றது அவர் அறிவை அழிக்கவும் இல்லை. அப்படியிருக்க, மாதிரித் தேர்வு மார்க்கா நம்ம தலையெழுத்து?

அதுக்காக மார்க்கே வேண்டாம்னு சொல்லவில்லை. மற்ற பாடங்களைப் படிக்காததால்தான் அவர் உதவித்தொகை இழந்து, வருஷக்கணக்கில் கஷ்டப்பட்டார். உதவ ஒரு கலெக்டரும் ஒரு ஹார்டியும் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார்கள். மாதிரித் தேர்வு எந்தப் பாடத்தில் நாம பின்தங்கி இருக்கோம்னு முன்கூட்டியே காட்டும். அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல், தப்பான கேள்விகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தெரியாததை சார், டீச்சரிடம் கேளுங்கள். பேரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்!

முயற்சி திருவினையாக்கும்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, வீரபாண்டி