ஜோசப் ஹென்றி

ஜோசப் ஹென்றி (டிசம்பர் 17, 1797 – மே 13, 1878) மின்காந்தத்தை வேலை செய்யும் கருவியாக வளர்த்தெடுத்த அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். மின்தூண்டல் எண்ணின் அலகான ஹென்றி இவர் பெயரால் வழங்கப்படுகிறது. ரிலேக்கள், மின்மணிகள், மின்வால்வுகள் போன்ற காந்த இயக்கிகள் யாவும் இவருடைய ஆய்வுகளுக்குக் கடன்பட்டவை.

இளமை

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். கடிகாரம் செய்பவர் ஒருவரிடம் தொழில் பழகினார். நாடகத்தில் நாட்டம் கொண்டிருந்த இவரை, 16ஆவது வயதில் தற்செயலாகக் கிடைத்த அறிவியல் நூலொன்று திசை திருப்பியது. 1819இல் ஆல்பனி அகாதமியில் கட்டணமின்றிப் பயிலச் சேர்ந்து, 1826இல் அங்கேயே பேராசிரியரானார். கற்பித்தல் சுமை மிகுந்திருந்தமையால் ஆய்வுக்குப் பெரும்பாலும் கோடை விடுமுறையே வாய்த்தது.

மின்காந்த ஆய்வுகள்

இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் 1825இல் காட்டிய மின்காந்தத்தில், வார்னிஷ் பூசிய இரும்பின் மீது வெறுங்கம்பி இடைவெளி விட்டுச் சுற்றப்பட்டிருந்தது. சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டால் மின்னோட்டம் குறுக்கே பாய்ந்துவிடும். ஹென்றி இரும்புக்குப் பதிலாகக் கம்பிக்கே பட்டுநூல் உறையிட்டு, நெருக்கமாகப் பல அடுக்குகள் சுற்றினார். (மனைவியின் பட்டுப் பாவாடையைக் கிழித்துச் சுற்றினார் என்பது பலரும் கூறும் கதை, உறுதியான சான்றில்லை.) 1831இல் யேல் கல்லூரிக்கு இவர் அமைத்த காந்தம் 2,000 பவுண்டுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கியது.

எடையைவிட முக்கியமானது இவர் கண்ட வேறுபாடு. ஒற்றை மின்கலத்தைக் கொண்டு பெரும் எடையைத் தூக்க, பல குறுஞ்சுருள்களைப் பக்க இணைப்பில் இட வேண்டும். நெடுந்தொலைவில் உள்ள காந்தத்தை இயக்கவோ, பல கலங்களைத் தொடரிணைப்பில் வைத்து ஒரே நீண்ட சுருளைப் பயன்படுத்த வேண்டும். ஓமின் விதியை அறியாமலேயே செய்முறை வழியாக இதனைக் கண்டார். ஒரு மைலுக்கும் மேற்பட்ட கம்பியின் மறுமுனையில் காந்தத்தால் மணியடித்தும் காட்டினார்.

அதே 1831இல் காந்த விசையால் இடைவிடாது அசையும் பொறியொன்றை வெளியிட்டார். கிடையாகத் தொங்கிய மின்காந்தத்தின் ஒரு முனை தாழும்போது, கம்பிகள் பாதரசத்தில் தோய்ந்து மின்னோட்டம் திசைமாறும்; உடனே கீழுள்ள நிலைக்காந்தம் அம்முனையை விலக்கிவிடும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 75 முறை அது ஊசலாடியது. ஹென்றி இதனை விளையாட்டுக் கருவியாகவே கருதினார். ஆனால், இரும்புத் தாதைப் பிரிக்கப் பயன்பட்ட ஹென்றி வகைக் காந்தமொன்றை 1833இல் கண்ட தாமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லர், மின்னோடி செய்து 1837இல் காப்புரிமம் பெற்றார்.

மின்காந்தத் தூண்டலை ஹென்றியும் தனித்துக் கண்டிருந்தார். மைக்கேல் ஃபாரடே முந்தி வெளியிட்டதால் அப்பெருமை அவரைச் சேர்ந்தது. தன்தூண்டலை முதலில் வெளியிட்டவர் ஹென்றியே (1832).

காப்புரிமைச் சர்ச்சை

1832இல் பிரின்ஸ்டனுக்குச் சென்ற ஹென்றி, சிறு மின்னோட்டத்தால் தொலைவிலுள்ள பெரிய மின்சுற்றை இயக்கும் ரிலே அமைப்பை 1835இல் மாணவர்களுக்குக் காட்டினார். அறிவியல் கண்டுபிடிப்புகள் பொதுச்சொத்து என்று கருதி எதற்கும் காப்புரிமம் பெறவில்லை. சாமுவேல் மோர்சின் தந்திக் கருவி தொலைவில் இயங்காமல் தடுமாறியபோது, ஹென்றியின் 1831ஆம் ஆண்டுக் கட்டுரையை அறிந்திருந்த லெனார்ட் கேல் அதனைச் சீர்செய்ய உதவினார். ஹென்றியும் மோர்சுக்கு நேரில் ஆலோசனை வழங்கினார். பின்னர் தந்தி வழக்குகளில் ஹென்றி உண்மையைச் சாட்சியமாகக் கூற, சினமுற்ற மோர்ஸ் 1855இல் அவருக்குத் தாம் எவ்விதத்திலும் கடன்படவில்லை என எழுதினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆட்சிக்குழு விசாரித்து ஹென்றியின் கூற்றை ஏற்றது.

1846 முதல் இறக்கும்வரை ஹென்றி அந்நிறுவனத்தின் முதற் செயலாளராக இருந்தார். தந்தி வழியே வானிலைச் செய்திகளைத் திரட்டும் முறையை ஏற்படுத்தினார். 1875இல் தம்மைச் சந்தித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லைத் தொலைபேசி ஆய்வைத் தொடருமாறு ஊக்கினார். வாஷிங்டனில் காலமானார். மின்தூண்டல் எண்ணின் அலகுக்கு இவர் பெயரிடும் முடிவு 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்டது.