அம்மாவின் வலியும் மற்றவர்களின் வலியும்: புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி

அடுத்தவங்க வலி நமக்கு நிஜமாவே புரியுமா, இல்லை புரிஞ்ச மாதிரி நினைச்சுக்கிறோமா? தத்துவத்தில் இது பெரிய கேள்வி. எடித் ஸ்டெயின் என்ற இளம்பெண் ஜெர்மனியில் 1916-ல் இதை வைத்தே முனைவர் பட்டம் வாங்கினார். இன்னொருவரின் துயரத்தை நாம் உணரலாம்; ஆனாலும் அது அவருடைய துயரம்தான், நம்முடையதாகிவிடாது என்பது அவர் வாதம். இதை மனசுல வெச்சுக்கிட்டு, நம்ம புதுக்கோட்டைப் பெண் ஒருவரின் வாழ்க்கையைப் பாருங்களேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது 1886-ல். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும்னு சொல்லணுமா? ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்தார். 1912-ல் சென்னையில் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்.

1927-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போனவர், அதன் துணைத் தலைவரும் ஆனார். சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். சிக்கலும் இங்கேதான் வந்தது. தேவதாசிகள் பலரே அவரை எதிர்த்தார்கள். தாங்கள் கலைஞர்கள், தங்களைப் பாலியல் தொழிலோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று மனு கொடுத்தார்கள். முன்னணியில் நின்றவர்களில் ஒருவர், பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். முத்துலட்சுமி அசையவில்லை. அம்மாவின் வலியை அறிந்தவர் என்பதால், எல்லா தேவதாசிகளின் வலியும் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாரோ? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனா, பொட்டுக்கட்டப்படும் சின்னப் பொண்ணுக்கு மனு எழுதத் தெரியாதே! அவளுக்காக யார் பேசுவது?

1930-ல், அந்த வாழ்க்கை வேண்டாம் என்று ஓடிவந்த இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இந்த முறை அவர் எதையும் ஊகிக்கத் தேவையிருக்கவில்லை. அவர்களே வாய்விட்டுக் கேட்டார்கள். விடுதிகளில் இடம் கிடைக்காததால் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். ஔவை இல்லம் அப்படித் தொடங்கியதுதான்.

பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் 1947-ல் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரின் முயற்சியால், 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. 1968-ல் அவர் மறைந்தார். கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவிக்கு இன்றும் அவர் பெயர்தான்.