ஜூலியன் வின்சோனின் வாழ்வும் தமிழ் – பிரெஞ்சு மொழியியற் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

பாரிசில் தமிழ் கற்பித்த பிரெஞ்சு அறிஞர் ஜூலியன் வின்சோனின் வாழ்க்கையை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. அவர் சார்ந்திருந்த மொழியியற் கொள்கை காலப்போக்கில் செல்வாக்கிழந்தது. எனினும் அவர் செய்த பாடநூல், மொழிபெயர்ப்பு, நூலடைவுப் பணிகள் நிலைபெற்றுள்ளன. பிரெஞ்சினை முதுகலை நிலையில் பயில்வோர் தமிழாய்வுக்கு ஆற்றத்தக்க பணியினை இவ்வேறுபாடு புலப்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: வின்சோன், ஒட்டுநிலை மொழி, பாஸ்க், ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு, உ.வே.சா.

முன்னுரை

தமிழகத்தில் பிரெஞ்சு பயில்வோர் பெரும்பாலும் வேலைவாய்ப்பினைக் கருதியே அம்மொழியை நாடுகின்றனர். முதுகலை நிலையில் மொழி, மொழியியல், இலக்கியம் ஆகிய மூன்றும் ஒருங்கே பயிலப்படும்போது அக்கல்வி வேறொரு பயனையும் தருகிறது. தமிழைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதப்பட்டவற்றை மூலமொழியிலேயே படித்து மதிப்பிடும் தகுதியே அப்பயன். கால்டுவெல், போப் ஆகியோரை நன்கறிந்த தமிழாய்வுலகம் வின்சோனைப் பெரும்பாலும் உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு வழியாகவே அறிந்துள்ளது. அவர்தம் நூல்கள் பிரெஞ்சில் அமைந்தமையே இதற்குத் தலையாய காரணம் எனலாம்.

இளமையும் கல்வியும்

வின்சோன் 1843ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தார். பிரெஞ்சு இந்தியாவில் கழிந்த இளமைப்பருவத்தில் தமிழ் அவருக்கு அறிமுகமாயிற்று. பிரான்சு திரும்பியபின் நான்சி நகரின் வனவியற் பள்ளியில் பயின்று வனத்துறை அலுவலரானார். பணியின்பொருட்டுப் பயோன் நகரில் வாழ்ந்தபோது அப்பகுதியில் வழங்கும் பாஸ்க் மொழியைக் கற்றார். மொழியியலைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் தமிழ், பாஸ்க் எனத் தம்முள் உறவற்ற இரு மொழிகளை ஒருசேர ஆராயத் தலைப்பட்டமை இவ்வாறே நிகழ்ந்தது. பாஸ்க் மொழி நூல்களுக்கு 1891இல் அவர் வெளியிட்ட நூலடைவு அத்துறையின் அடிப்படைக் கருவிநூல்களுள் ஒன்றாக விளங்குகிறது.

சார்ந்த கொள்கையும் அதன் முடிவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மொழியியலில் இரு போக்குகள் எதிர்நின்றன. மொழியினை உயிரிபோலப் பிறந்து வளர்ந்து தேய்வதாகக் கண்ட செருமானிய அறிஞர் சிலைக்கரின் வழியை ஒரு சாரார் பின்பற்றினர். சவே, ஒவ்லாக் ஆகியோர் இவ்வணியினர். மொழி பேசுவோரின் உள்ளத்தையும் சமூகத்தையும் சார்ந்தது என்னும் கருத்தினை மற்றொரு சாரார் வலியுறுத்தினர். மிசேல் பிரெயால் இவ்வணியின் முதன்மையாளர். வின்சோன் முதல் அணியில் நின்று, அவ்வணியினரின் ஒப்பியல் மொழியியல் இதழை நெடுங்காலம் நடத்தினார்.

அக்கால வகைப்பாட்டில் தமிழும் பாஸ்க்கும் ஒட்டுநிலை மொழிகள் எனப்பட்டன. சொல்லின் அடியோடு உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிநிற்றலே இவ்வகையின் இயல்பு. ‘மரங்களிலிருந்து’ என்னும் சொல்லில் பெயர், பன்மை விகுதி, வேற்றுமை உருபு, சொல்லுருபு ஆகியவை அடுத்தடுத்து நிற்றல் இதற்குச் சான்று. அமைப்பொப்புமை வேறு, மொழிக்குடும்ப உறவு வேறு என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

1881 முதல் 1891 வரை பாரிசிலேயே கற்பித்த சசூரும் அவர்தம் மாணவர் மெய்யேயும் புதிய நெறியைத் தோற்றுவித்தனர். அதன்பின் மொழியை உயிரியாகக் கண்ட கொள்கை வலுவிழந்தது. வின்சோன் தம் வாழ்நாளிலேயே தம் அணியின் வீழ்ச்சியைக் காண நேர்ந்தது.

ஆசிரியப் பணி

1879 முதல் பாரிசின் கீழை வாழ்மொழிகள் பள்ளியில் வின்சோன் தமிழும் இந்துஸ்தானியும் கற்பித்தார். இவ்வனுபவத்தின் விளைவாக 1903இல் தமிழ்மொழிக் கையேடு வெளிவந்தது. இலக்கணம், பாடப்பகுதிகள், சொற்றொகுதி என்னும் முப்பகுப்பினை உடையது அந்நூல்.

பிரெஞ்சு மாணவர் தமிழ் கற்பதில் எழும் இடர்ப்பாடுகள் தமிழ் மாணவர் பிரெஞ்சு கற்கும்போது எதிர்த்திசையில் தோன்றுகின்றன. ‘நேற்று வந்த மாணவன்’ எனத் தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கும். பிரெஞ்சிலோ பெயர் முன்வர, ‘கி’ என்னும் இணைப்புச்சொல்லுடன் தொடர் பின்வரும். ‘பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான்’ என வினைமுற்றின் விகுதியே தமிழில் இடத்தை உணர்த்துவதால் எழுவாய் தோன்றாமலும் நிற்கலாம். பிரெஞ்சில் இம்மூன்றும் ‘பார்ல்’ என்று ஒரே ஒலியாக வழங்குவதால் எழுவாய் இன்றியமையாததாகிறது. இத்தகைய ஒப்பீடு இரு மொழியின் இயல்பினையும் தெளிவாக்கும்.

இலக்கியமும் வரலாறும்

புதுச்சேரியில் பணியாற்றி 1854இல் மறைந்த ஆரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் பாரிசின் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. அந்நூலகச் சுவடிகளைப் பயின்ற வின்சோன், உ.வே.சாமிநாதையருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். 1887இல் சிந்தாமணி அச்சேறிய பின்னர்த் தொடங்கிய இத்தொடர்பு, கடல்கடந்தும் தமிழ்க் காப்பியங்களுக்கு வாசகர் இருந்தமையை உ.வே.சா.வுக்கு உணர்த்தியது. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பிரெஞ்சு வாசகருக்கு அறிமுகப்படுத்தும் சமண, பௌத்தக் கதைத்தொகுதியினை 1900இல் வின்சோன் இரு பகுதிகளாக வெளியிட்டார்.

1894இல் ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பின் 1736–1748 காலப் பகுதிகளைத் தேர்ந்து பிரெஞ்சில் தந்தார். தூப்ளேக்சின் ஆட்சியை அவருடைய துபாசியின் தமிழ்வழியே பிரெஞ்சுமக்கள் காண அந்நூல் இடமளித்தது. அந்நாட்குறிப்பு காட்டும் பிரெஞ்சு – ஆங்கிலப் பகைமை பின்னர் உள்நாட்டிலும் பரவியது. சிறுவாச்சூர் அமைந்துள்ள இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தின் ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் 1751இல் இரு தரப்பும் மோதின. ஆகவே, பிரெஞ்சு ஆவணங்கள் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் மட்டுமே உரியன அல்ல. உள்மாவட்டங்களின் வரலாற்றுக்கும் அவை மூலங்களாகும்.

முடிவுரை

வின்சோன் 1926இல் லிபூர்ன் நகரில் மறைந்தார். அவர் கற்பித்த பள்ளியில் பின்னர்த் தமிழ் கற்பித்த ழூல் பிளோக், 1946இல் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பினைப் புதிய நெறியில் விளக்கினார். வின்சோனின் கொள்கை இன்று மொழியியல் வரலாற்றின் ஒரு பகுதி மட்டுமே. ஆனால் மூலநூலைக் கற்றல், பெயர்த்தல், அடைவுசெய்தல், பாடமாக்கல் ஆகிய பணிகள் கொள்கையின் வீழ்ச்சியோடு வீழவில்லை. அவருடைய நூல்களை முழுமையாகத் தமிழில் பெயர்த்து, அவற்றின் பிழைகளையும் நிறைகளையும் மதிப்பிடும் பணி இனிச் செய்யத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சு முதுகலை பயிலும் தமிழ் மாணவர் இப்பணிக்கு உரியவர். 1955இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகமும் அவர்களுக்கு அண்மையிலேயே உள்ளது. வின்சோன் தமிழுக்கு வந்த வழியே தமிழ் மாணவர் பிரெஞ்சிற்குச் செல்வாராயின், ஆங்கிலத்தின் துணையின்றி இரு மொழிகளும் நேரே உரையாட இயலும்.